பெயிண்ட் இல்லாத வண்டி

மாப்ளே,

எதிர்வீட்டில் கல்யாணம். அதற்காக வாசல் இரும்புக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து தின்னர் வாசனை தெரு முழுக்க நிற்கிறது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். "வேர்த்துக் கொட்டுது, எதுக்குச் சாத்துறீக?" என்று என் வீட்டுக்காரி வந்து திறந்தாள். திரும்பவும் சாத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். விசிறியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாத்தின ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய். "வாயால சொல்லு மாமா, எழுத்தெல்லாம் எதுக்கு" என்று மடித்து வைத்திருப்பாய்.

ராமநாதபுரத்தில், கீழக்கரை போகிற ரோட்டில், நம் பட்டறை இருந்த இடத்தில் இப்போது அரிசி ஆலை ஓடுகிறது. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். உலக யுத்தம் முடிந்து பஸ் ரூட்டுகள் பெருகிய நேரம் அது. எஞ்சினும் சக்கரமும் டிரைவர் உட்கார ஒரு பலகைப் பெட்டியுமாக, மேலே ஒன்றுமே இல்லாத சேசிஸை நம் வாசலில் கொண்டு வந்து விடுவார்கள். நான் தேக்கு மரத்தில் கூடு கட்டுவேன். மேலே தகடு அடிப்போம். அதன்பிறகு அது உன் கைக்கு வரும். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கடைசியில் ஸ்ப்ரே கன்னை எடுப்பாய். முதுகுளத்தூர் பஸ், ஆர்.எஸ்.மங்கலம் பஸ் எல்லாம் உன் கையால் நிறம் வாங்கிக்கொண்டு போனவைதான்.

எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு. "எலும்புக்கூடு நான் கட்டுறேன், பேரு உனக்கா?" என்று கேட்டால், "பொண்ணு பாக்க வாரவன் எலும்பையா மாமா பாப்பான்?" என்பாய். உனக்கு நான் மாமாவும் இல்லை, எனக்கு நீ மாப்பிள்ளையும் இல்லை. நீ பள்ளிவாசல் தெரு, நான் கோயில் தெரு. நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம் என்று ஆரம்பித்தோம். அப்புறம் உன் மனைவி கதீஜா என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள். உறவு தானாகவே அமைந்துவிட்டது.

முதலில் உன் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டபோது கேலிதான் செய்தேன். "உள்ள பூனைக்குட்டி வளக்குறியா?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். அதற்குப் பிறகு பூனைக்குட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மதுரைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன தொழில் என்று விசாரித்தார். சொன்னோம். "அதை விட்டுடுங்க. பெயிண்ட் வாடை படுற இடத்துலயே நிக்கக் கூடாது" என்றார்.

ஊருக்குப் பஸ் ஏறினோம். உனக்குத் தெரிந்த ஒரே வேலை பெயிண்ட் அடிப்பது. பெயிண்ட்டை விட்டால் பிழைப்பு இல்லை, விடாவிட்டால் மூச்சு இல்லை. கொழும்பில் உன் சின்னாப்பா கடையில் உட்காரலாம் என்று நான் சொன்னேன். தராசு பிடிக்கிற கையா இது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். மானாமதுரை தாண்டியபோது திடீரென்று என் தொடையில் தட்டினாய்.

"மாமா, பெயிண்ட்டே இல்லாத வண்டி கட்டுனா என்ன?"

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உப்புக்காத்து அடிக்கிற ஊரில் வெறும் தகட்டை விட்டால் ஒரு மழைக்காலம் தாங்குமா என்று கேட்டேன். "இரும்புதான மாமா துருப்பிடிக்கும்? அலுமினியம் பிடிக்காதுல்ல?" என்றாய். நியாயமாகத்தான் பட்டது. அப்போது நமக்கு அவ்வளவுதான் தெரியும்.

நம் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, கீழக்கரை முதலாளி ஒருவர் ஒரு வேன் கேட்டு வந்தார். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கி ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல வேண்டும். அவர் கொழும்பில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். பூச்சே இல்லாமல் வெள்ளி மாதிரி மின்னுகிற வண்டி என்று நீ சொன்னதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கன ஒரு தொரை வச்சிருந்தாரு. மொகம் பாத்துத் தலை சீவலாம். அது மாதிரியே செய்யுங்க" என்றார். யுத்தச் சரக்கு ஏலத்தில் போன அலுமினியத் தகடுகள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கின.

பெயிண்ட் எவ்வளவு பெரிய உபகாரி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூச்சு வண்டியில் சுத்தியல் தடம் விழுந்தால் பட்டி மூடிவிடும். ஓரம் கோணினால் பட்டி நேராக்கிவிடும். வெறும் தகட்டில் எதையும் மறைக்க வழியில்லை. மரச்சட்டத்தில் ஒரு நூல் அளவு பிசகினால் தகட்டில் அலை தெரியும். வேர்த்த கையால் தொட்டால் விரல் தடம் அப்படியே நிற்கும். நீ என் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இங்கன ஒரு மயிரிழை தூக்குது மாமா" என்பாய். நான் இழைப்புளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நீ பெயிண்ட்டே அடிடா" என்று கத்துவேன். கொஞ்ச நேரம் கழித்து நானே இழைப்புளியைத் தேடி எடுப்பேன்.

வளைவுகளுக்குத் தகட்டை அடிக்க அடிக்க அது விறைத்துக்கொள்ளும். மேலும் அடித்தால் கிழியும். சூடு காட்டி இளக்க வேண்டும், ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகிக் கீழே விழும். அப்படி இரண்டு மட்கார்டு வீணானது. பிறகு துணிக்குப் போடுகிற பார் சோப்பைத் தகட்டில் தேய்த்துச் சூடு காட்டினாய். சோப்பு கறுக்கிற நேரத்தில் தீயை எடுத்தால் தகடு தோல்போல வளைந்து கொடுத்தது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு கலர் சோடா குடித்தோம். நீ எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்த விதத்தைப் பார்த்தால் ஏதோ ராஜ்யம் பிடித்தவன் போல இருந்தது.

வண்டி உருவாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஒருநாள் கதீஜா சோற்றுத்தூக்குடன் பட்டறைக்கு வந்தாள். உன்னிடம் கொடுக்காமல் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, அவுக நேத்து படுத்துத் தூங்குனாக."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அதற்கு முந்தி எவ்வளவோ காலமாக நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாய். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால். என்னிடம் நீ அதைச் சொன்னதே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது, இந்த வண்டி ஜெயிக்க வேண்டும் என்று நான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். தர்காவுக்குப் போகிற வண்டிக்குக் கருப்பசாமியிடம் வேண்டுதல். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஒருவழியாக வண்டி வெளியே வந்தது. வெயில் பட்டு, பார்க்க முடியாமல் ஆட்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். நான் குங்குமம் வைத்தேன், முதலாளி ஃபாத்திஹா ஓதச் சொன்னார். பட்டறை வாசலில் நிறுத்தி வைத்திருந்தபோது சந்தைக்குப் போகிற கிடா ஒன்று தகட்டில் தன் முகத்தையே பார்த்து, வேறு கிடா என்று நினைத்து, பின்னால் போய் வேகம் எடுத்து வந்து முட்டியது. டங்கென்று ஒரு சத்தம். கதவில் கிண்ணம் அளவுக்குப் பள்ளம். பட்டி பூச முடியாது, கதவையே கழற்றி உள்ளிருந்து தட்டி எடுக்க வேண்டும். நான் கிடாக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அவ்வளவு சிரித்தும் உனக்கு இருமல் வரவில்லை. நான் திட்டுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்காவில் சந்தனக்கூடு விழா சமயத்தில் அந்த வண்டியில் ஏற ஜனங்கள் முண்டியடித்தார்கள். இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனி ஸ்ப்ரே கன்னைத் தொடவே வேண்டாம் என்று நீ அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாய்.

பிறகுதான் வெள்ளைப் பொடி வந்தது. தகட்டை மரத்தில் பிடிக்க நாம் இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தோம். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் பூஞ்சணம் மாதிரி வெள்ளையாகப் பூத்தது. துடைத்தால் அடியில் குழி. இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரித்துப் போகும் என்று, பாம்பன் பாலத்தில் வேலை பார்த்த ரயில்வே ஃபிட்டர் ஒருவர் பின்னால் எனக்குச் சொன்னார். நீ ஸ்க்ரூவைக் கழற்றித் தார் தோய்த்த துணியை இடையில் வைத்துப் பார்த்தாய். கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் வேறு ஒன்று வேண்டியிருந்தது. ஏர்வாடி போய்த் திரும்புகிற வண்டியை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

நம் சீமையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றில் எல்லாம் உப்பு. ஊருணித் தண்ணீர் ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதற்குப் பெண்கள் வெயிலில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். நீ வாளியுடன் ஊருணிக் கரைக்குப் போனாய், நானும் கூட வந்தேன். "குடிக்கவே தண்ணியக் காணோம், ஒனக்கு வண்டியக் குளிப்பாட்டணுமாக்கும்" என்று ஒரு அம்மா பிடித்துக்கொண்டாள். நான் சண்டைக்குப் போகத் துண்டை இறுக்கிக் கட்டினேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "விடு மாமா. அவுக சொல்றது ஞாயம்தான" என்று வாளியைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பி நடந்தாய். அதன்பிறகு உன் வீட்டுப் பங்குக்கு வருகிற குடத்திலிருந்து வண்டிக்குக் கொடுத்தாய். கதீஜா முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுத்தாள். அவள் தன் கணவனின் தூக்கத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றினாள், வண்டிக்கு அல்ல.

டிரைவர் அந்தோணியை உனக்கு நினைவிருக்குமே, தங்கச்சிமடத்துக்காரன். வண்டி என்றால் உயிர் அவனுக்கு. அடுத்த சந்தனக்கூடு வந்தபோது, மங்கிப்போன வண்டியை எப்படி விழாவுக்கு ஓட்டிப் போவது என்று அவன் மனசு கேட்கவில்லை. வீட்டில் அவன் அம்மா திருவிழாவுக்குப் பாத்திரம் விளக்குவாளே, அதே மாதிரி அடுப்புச் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் எடுத்து, கிணற்று உப்புத் தண்ணீர் தெளித்து, முழு வண்டியையும் தேய்த்துவிட்டான். அன்றைக்குப் பளபளத்தது. "அண்ணே, பாருங்க!" என்று மூச்சிரைக்க ஓடி வந்து கூப்பிட்டான். சாம்பல் பித்தளையைத்தான் வாழவைக்கும், அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒரு வாரத்துக்குள் வண்டி முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுத்தது. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

அந்தோணி அழுதான். நீ அவன் தோளில் கை வைத்து, "நல்லதுன்னு நெனச்சுத்தானப்பா செஞ்ச" என்றாய். அவன் போன பிறகு வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து வந்தாய். ஒரு இடத்தில் நின்று உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாய். ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம் மாப்ளே. திட்டத் தெரியாத மனுஷனோடு வாழ்ந்து நான்தான் எல்லாருக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி நல்லவர். "குத்தம் சொல்லல. ஆனா இப்புடி ஓட்ட முடியாதுல்ல? பெயிண்ட் அடிச்சிருங்க" என்றார். கேட்டுப் போயிருந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் வண்டிக்கும் பெயிண்ட்டே போதும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நீ தலையாட்டினாய். பெயிண்ட் அடிக்க நான் மதுரையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தேன். அவர் வேலை பார்த்த நாட்களில் நீ பட்டறைப் பக்கமே வரக் கூடாது என்று கதீஜாவிடம் சத்தியம் வாங்கினேன். நீயும் வரவில்லை.

ஆனால் அலுமினியத்தில் பெயிண்ட் சுலபமாக ஒட்டாது. அந்த ஆள் இரும்புக்கு அடிப்பது போலவே அடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமே, வெயிலில் உரிந்த முதுகுத் தோல் மாதிரி பெயிண்ட் சுருள் சுருளாகக் கழன்றது. காற்றில் பறந்து ரோட்டில் விழுந்தது. பிள்ளைகள் பொறுக்கி விளையாடினார்கள். நீ கடைத்தெருவுக்குப் போனபோது அந்த வண்டி உன்னைக் கடந்து போயிருக்கிறது.

நான் மரம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பட்டறைக் கதவைத் திறந்தால் அந்த வாசனை. வண்டி நடுவில் நின்றது. அடர்ந்த நீலம். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு இடத்தில் மேகம் மாதிரித் திட்டுத் தெரியவில்லை. உன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக நீ பெயிண்ட் அடித்ததில்லை. பழையதை எல்லாம் சுரண்டி, தகட்டைச் சொரசொரப்பாக்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, மெல்லியதாக ஒன்றன் மேல் ஒன்றாகப் பூச்சுக் கொடுத்திருந்தாய். நீ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். மூக்கில் கட்டியிருந்த ஈரத் துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. துண்டும் நீலம், இமை மயிரும் நீலம். பேச முயன்றாய். நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது, வார்த்தை வர நேரமானது.

"உரியாது மாமா. நகத்தப் போட்டுப் பாரு."

நான் நகத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. உன்னை ஓங்கி அறையத்தான் கை வந்தது. இன்றைக்கும் எனக்கு உன்மேல் கோபம் மாப்ளே. எதற்காகச் செய்தாய்? கதீஜாவும் இதைத்தான் கேட்டாளாம். "நான் தட்டி எடுத்த தகடு. அது தெருவுல தோலுரிஞ்சு போறதப் பாத்துக்கிட்டு நான் எதுக்கு மூச்சு விடணும்?" என்றாயாம். பெண்டாட்டி பிள்ளைகளுக்காகப் பெயிண்ட்டை விட்டவன், ஒரு தகட்டு வண்டிக்காக அதைத் திரும்ப எடுத்தாய். உன் நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, இல்லாவிட்டாலும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது என்று நம் ஊர் டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். படுத்துத் தூங்கின மனுஷன் மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பனி விழ ஆரம்பித்த மாதத்தில் நீ போய்விட்டாய்.

வண்டி அப்புறமும் வெகுகாலம் ஓடியது. நீ சொன்னபடி உரியவில்லை.

உன்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு நோய் முற்றிய நாட்களில் பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக நடந்து வருவோம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை உனக்கு நிற்க வேண்டியிருக்கும். யாரும் அதைக் கவனித்தால் உனக்குப் பிடிக்காது. அதனால் நீ நிற்பதற்கு முன்னால் நான் நின்றுவிடுவேன். செருப்பில் முள் குத்திவிட்டது என்பேன். வேட்டி அவிழ்கிறது என்பேன். கடையில் தொங்குகிற வாழைத்தாரைப் பார்த்து இது எந்த ஊர்க்காய் என்று அளப்பேன். அரண்மனை வாசலில் ஒருமுறை, வேப்பமரத்தடியில் ஒருமுறை, பள்ளிவாசல் திருப்பத்தில் ஒருமுறை. "ஒங்கூட நடந்தா ஊருக்குப் போய்ச் சேர முடியாது மாமா" என்று நீ அலுத்துக்கொள்வாய், மூச்சைப் பிடித்துக்கொண்டே.

உன்னைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கியபோது எனக்கும் ஒரு முனையில் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். உங்கள் ஆட்கள் ஜனாஸாவை வேகமாகத்தான் கொண்டுபோவார்கள். பள்ளிவாசல் திருப்பம், வேப்பமரம், அரண்மனை வாசல், எல்லாம் சட்டு சட்டென்று பின்னால் போயின. எந்த இடத்திலும் நிற்காமல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அன்றைக்கு ஒருநாள்தான். மையவாடிக் குழியருகே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, உனக்கு வாங்கவில்லை.

பட்டறையை மூடிவிட்டேன். இழைப்புளி, உளி எல்லாம் யார் யாரிடமோ போய்விட்டன. இந்த நடை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. போன வாரம் என் மகனோடு கடைத்தெருவுக்குப் போனேன். அவன் வேகமாக நடக்கிறவன். வேப்பமரத்தடியில் என் கால் தானாக நின்றது. குனிந்து செருப்பைத் தடவினேன். அவன் திரும்பி வந்து என் கையைப் பிடித்தான்.

"என்னய்யா, மூச்சு வாங்குதா?"

"எனக்கில்லப்பா" என்றேன்.